புதுச்சேரியில் ஓடி காரைக்காலில் படுத்த புரோகிராம்

18.8.88, வியாழன்

என் மூஞ்சியை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. நாளைக் காலை விவசாயிகளுக்கு விதைநெல் சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டையெல்லாம் கம்ப்யூட்டரே அச்சடித்துத் தள்ளிவிடும் என்று டீக்கடை வரைக்கும் போய்ப் பீற்றியவன் நான்தான்.

பெயர்களை ஊர்வாரியாக அடுக்கும் புரோகிராமை புதுச்சேரி ஆபீஸ் யூனிக்ஸ் மெஷினில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது அந்த மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, பிளாப்பியில் இந்தக் காரைக்கால் ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். வழியில் சோதனைச்சாவடிக்காரன் பையில் சாராய பாட்டில் தேடி, பிளாப்பியை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அந்தப் புரோகிராமைக் கூப்பிட்டு ஓட்டும் ஸ்கிரிப்டை இங்குள்ள டாஸ் மெஷினுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினேன். ஸ்கிரிப்ட் ஓடியது. புரோகிராமைக் கூப்பிட்டதும் மெஷின் அப்படியே நின்றுவிட்டது. அங்கே கம்பைல் செய்தது இங்கே ஓடாதாம்! நான் எழுதிய மூலப் பிரதி இருந்தால் இங்கேயே மறுபடி கம்பைல் செய்யலாம். அதுதான் கம்பைல் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று அதை அங்கேயே அழித்துவிட்டு வந்த மகராசனும் நான்தான்.

சீட்டுக்கு நாளை வரவேண்டிய வரிச்சிக்குடி விவசாயி கலியபெருமாள் இன்றே வந்து உட்கார்ந்திருந்தார். "என்னங்க ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"அப்ப விதைநெல்லை அழிச்சிட்டு, அரிசியைக் கொண்டாந்து இங்க நாத்து விடப் பாத்திருக்கீங்க."

மேனேஜர்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "கம்ப்யூட்டர் சார், கார்பன் பேப்பரை எடுங்க!"

வரிச்சிக்குடி சீட்டுகளைக் கையால் எழுதி முடித்தாயிற்று. இன்னும் மூன்று ஊர். பிளாப்பிமேல் டீ டம்ளரை வைத்திருக்கிறேன். அதற்காவது உதவட்டும், சனியன்.