ஸ்பிரிட் வாசனை அடித்த ஜீப்

நேற்று தம்பி மகன் என்னை ஓசூருக்கு அழைத்துப் போனான். பழைய வண்டிகள் விற்கும் ஒரு கடை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன வண்டி ஒன்று அவனுக்கு வேண்டுமாம். கடைக்காரர் உள்ளே எதையோ ஊற்றித் துடைத்து வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை. நான் குனிந்து பின் இருக்கையைத் தூக்கினேன்.

"அத்தே, என்ன தேடறீங்க?"

"அடியில டேங்க் இருக்கான்னு பாக்கறேன்."

அவன் கடைக்காரரைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி சிரித்திருப்பாய்.

மைசூர் எல்லையோரத் தளியில் அந்த நாளில் நம் மருத்துவமனை இரண்டே அறை. நீ டாக்டர். நான் மருந்துகளையும் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். பட்டாளத்தில் என் கணவர் இறந்த பிறகு, "வெள்ளைப் புடவையைக் கட்டிக்கிட்டு மூலையில உக்காரத்தான் கான்வென்ட்ல அவ்வளவு அடி வாங்கினியா?" என்று கேட்டு என்னை அங்கே இழுத்து வந்தவள் நீ. அந்த வருடம் மழைக்காலத்தில், தலைப்பிரசவத்துக்குக் காட்டோரக் குடியிருப்பிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டு வந்த ஒரு பெண் நம் வாசலுக்கு வரும் முன்பே இறந்துபோனாள். நீ வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாய். பிறகு, "ஜீப் வாங்கணும்" என்றாய்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. ஓட்டக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் என் கணவர் போர்முனைக்குப் போனார். ஓசூரில் ஒரு பட்டறையில், பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று நின்றது. பட்டறைக்காரர் உன்னைப் பார்த்து, "ஓட்டறது யாரும்மா, வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"இது ஜீப்பும்மா, தையல் மிஷின் இல்லே."

"தெரியுது. தையல் மிஷின்னா இவ்வளவு எண்ணெய் ஒழுகாது."

பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. நாம் வருவதற்கு முன்பே கிளப்பித் தயார் செய்திருக்கிறார். நாளைக் காலையில் வருகிறோம், அதுவரை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பனியில் நனைந்து நின்ற வண்டி முதல் மிதியிலேயே கிளம்பியது. மேட்டில் ஏற்றினேன், ஓடைக் கல்லில் இறக்கினேன், சூடேறியதும் நிறுத்தினேன். மறுபடி கிளப்பினேன், மறுபடி நிறுத்தினேன். "என்னம்மா, ஸ்டார்ட்டர மிதிச்சு மிதிச்சு வெளையாடறீங்க?" என்று அவர் சலித்துக்கொண்டார். வழியில் நின்றால் கிளம்பாத வண்டி நமக்கு எதற்கு?

பின் இருக்கைக்கு அடியில் ஒரு இரும்பு டேங்க்கைப் பற்றவைத்திருந்தார்கள். உபரி பெட்ரோலுக்கு என்றார். நீ குனிந்து முகர்ந்து, "ஸ்பிரிட் வாசனை. நம்ம ஆஸ்பத்திரி மாதிரியே இருக்குடீ" என்று மகிழ்ந்தாய். நாள் முழுக்க ஸ்பிரிட்டில் ஊறிய மூக்குகள் நம்முடையவை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முகம் சுளித்திருப்பார்கள்.

முதல் அழைப்பு எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்து ஊரிலிருந்து வந்தது. வலி கண்ட பெண்ணைப் பின்னால் படுக்க வைத்து, அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மைசூர் பக்கம் சாராயம் விற்கலாம். நம் பக்கம் மதுவிலக்கு. எல்லைச் சாவடியில் குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது. ஏட்டய்யா ஜீப்பைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"வாங்க வாங்க. ஆளு மாறினாலும் வண்டி நமக்குப் பழக்கந்தான். பின் சீட்டுக்கடியில டேங்க் இருக்குமே?"

மூடியைத் திறந்து முகர்ந்தார். "இது என்னம்மா?"

"ஸ்பிரிட்" என்றாய் நீ.

"டாக்டருங்க சாராயத்துக்கு வெச்சிருக்கற பேரா?"

சாராயம் கடத்திய வண்டியை வாங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் நம் இருவருக்கும் விளங்கியது. டேங்க் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பார்வை அந்தப் பெண்ணின் வயிற்றுக்குப் போய்விட்டது. "போன மாசம் ஒருத்தி இப்படித்தான் வயித்தத் தள்ளிக்கிட்டு வந்தா. பூரா சைக்கிள் டியூப்பு, டியூப்பு நெறைய சரக்கு. இவள எறங்கச் சொல்லுங்க."

"இறக்கினா மறுபடி ஏத்த முடியாது. ரெண்டு உயிர் போயிடும்."

"அப்ப வண்டியும் நகராது."

மாமியார் "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி அழுதாள். பெண்ணின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. நீ கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி ஏட்டய்யாவிடம் நீட்டி, மறுமுனையைப் போர்வைக்குள் அவள் வயிற்றில் வைத்தாய். "கேளுங்க."

"வண்டிச் சத்தந்தான் கேக்குது."

நீ என் பக்கம் திரும்பினாய். "அணைடீ."

நான் அணைக்கவில்லை. பாட்டரி பழையது, சாலை மேட்டை நோக்கி நிற்கிறது, தள்ளிவிட அங்கே ஆளும் இல்லை. நீ என்னைப் பார்த்தபடியே இருந்தாய். அணைத்தேன்.

மாமியார்கூட அழுகையை அடக்கிக்கொண்டாள். ஏட்டய்யா முதலில் முகத்தைச் சுருக்கினார். பிறகு வாய் மெல்லத் திறந்தது.

"குதிர ஓடற மாதிரி இருக்குதே, டாக்டரம்மா..."

"உங்க டியூப்பு இப்படி ஓடிச்சா?"

கட்டையை அவரே ஓடிப்போய்த் தூக்கினார். நான் ஸ்டார்ட்டரை மிதித்தேன். உறுமியது, பிடிக்கவில்லை. உன் பக்கம் நான் திரும்பவில்லை. மறுபடி மிதித்தேன். பிடித்தது.

அன்று சாயங்காலம் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். நீ கை கழுவிக்கொண்டே, "மூக்குக்கு உனக்கும் சைபர், எனக்கும் சைபர். வண்டிக்கு மட்டும் உனக்கு நூறு" என்றாய். நம் கன்னியாஸ்திரீகள்கூட எனக்கு நூறு கொடுத்ததில்லை. டேங்க்கை வெட்டி எறிந்தோம். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏட்டய்யா கட்டையைத் தூக்கியபடி, "இன்னிக்குக் குதிர எப்படி ஓடுது?" என்று கேட்டுத்தான் நம்மை அனுப்பினார்.

நேற்றைய வண்டியையும் கிளப்பி, நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொன்னேன். தேறியது, வாங்கச் சொல்லிவிட்டேன். அதிலேயே ஓட்டிப் பார்த்தபடி தம்பி மகன் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். வாசலில் இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து, "எறங்குங்க அத்தே" என்றான். நான் அசையவில்லை.

நீ போய் இத்தனை காலமாகியும் அது மாறவில்லை. எந்த வண்டியானாலும், இன்ஜின் அணைந்ததும் கொஞ்ச நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்குகிறேன். முட்டி வலி என்று அவன் நினைத்துக்கொள்கிறான். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிற நான், அதை மட்டும் திருத்துவதில்லை.