கடைசிப் பத்து நிமிடம்

மார்ச் 2, ஞாயிறு

முடிவெட்டப் போன இடத்தில் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொண்டு வந்தேன். நாடக அரங்குக்கு எதிரே இருக்கிற சலூன். அந்தத் தம்பி ஒரு கையில் கத்தரியும் மறு கையில் பேப்பருமாக நின்று, இந்த வருஷ மேடை விருதுகள் யார் யாருக்குப் போகும் என்று விமர்சகர் போட்டிருக்கும் பட்டியலை வாசித்தான். அந்த விமர்சகரை நாங்கள் ஜட்ஜு என்போம். சிறந்த துணை நடிகை என் தங்கை மகள் இல்லையாம், வேறொரு நாடகத்தில் எந்நேரமும் மூக்கை உறிஞ்சும் அந்த அழுகை ராணிதானாம். "இவருடைய வேடம் இரண்டாம் பாதியில் மங்கிக் காணாமல் போகிறது" — என் பாப்பாவைப் பற்றி இப்படி!

"ஜட்ஜு சொன்னா சொன்னதுதாண்ணே. போன வருஷம் எட்டுக்கு ஏழு பலிச்சுது," என்றான் சலூன் தம்பி.

பக்கத்துக் கண்ணாடிக்கடை அக்கா வாசலில் நின்றபடியே சண்டைக்கு வந்தார். "மங்குதா? அந்தக் கடைசி சீனுக்காகவே நான் மூணு தரம் போனேன். அந்தாளுக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கா? என் கடைக்கு அனுப்பு, பவர் பாத்து விடறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "பதினோரு தடவை பாத்தவன் சொல்றேன். கடைசி சீன்ல பக்கத்து சீட்டுக்காரர் மயங்கியே விழுந்துட்டார். நான்தான் தண்ணி தெளிச்சேன்," என்றேன்.

விவாதச் சூட்டில் தம்பி இடது காதுக்கு மேலே முடியைக் கூடுதலாக வெட்டிவிட்டான்.

மார்ச் 3, திங்கள்

உள்ளதை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாராலும் படிக்க முடியாது, கையெழுத்து அப்படி. ஏழாம் வகுப்பு வாத்தியார் என்னைப் பிரிய மனமில்லாமல் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டும் அது திருந்தவில்லை.

அரங்கின் வண்டி நிறுத்தம் என் பொறுப்பு. சரியாகச் சொன்னால் அரங்கமே என் பொறுப்பு. எல்லாரும் உள்ளே போனதும் கேட்டைப் பூட்டிவிட்டு, பின்னால் தூணோரம் நின்று நாடகம் பார்ப்பேன். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இருநூறு பேர் டோக்கனை நீட்டிக்கொண்டு என்னைக் கிழித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாடகத்துக்கும் நான் முடிவு பார்த்ததில்லை. முடிவெல்லாம் நானே தயாரித்துக்கொள்வேன். பல நாடகங்களுக்கு அசலைவிட என் முடிவு தேவலை.

விஷயம் அதுவல்ல. பாப்பாவின் நாடகத்துக்கு ஜட்ஜு வந்த அன்று, கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போதே நாற்பத்தொன்றாம் டோக்கனை நீட்டி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த மனிதர் கடைசி சீனைப் பார்க்கவே இல்லை!

இதை வெளியே சொன்னால்? "அப்ப நீ எங்க இருந்த?" என்பார்கள்.

மார்ச் 5, புதன்

சொல்லவில்லை. தொண்டை வரை வந்தது. தம்பி சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் 7, வெள்ளி

பாப்பா ஸ்கூட்டரை எடுக்க வந்தாள். முகம் சரியில்லை.

"அடுத்த நாடகத்துல எனக்குன்னு வச்சிருந்த பெரிய வேஷத்தை டைரக்டர் யோசிக்கணும்கிறார் மாமா. பட்டியலைப் பாத்திருக்கார்."

"அவன் கிடக்கான்!"

"இல்ல மாமா. ஜட்ஜு எவ்வளவு நாடகம் பாத்தவர். அவருக்கே மங்கிப்போகுதுன்னா, நான்தான் கடைசி சீனைக் கோட்டை விட்டிருக்கேன். பதினோரு தடவை பாத்திருக்கீங்களே, நீங்க சொல்லுங்க. எங்க தப்பு?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "தப்பா? அந்தக் கடைசி வசனத்துல நீ குரலை ஏத்தினப்ப கூரையே ஆடிச்சு!"

"அதுல எனக்கு வசனமே இல்லையே மாமா."

டோக்கனை என் கையில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள், கிளப்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 8, சனி

சே, என்ன பொழப்புடா இது. வெறும் பத்து நிமிஷம்! அந்தாளும் பாக்கல, நானும் பாக்கல. அவர் பாக்காம திட்டினார், நான் பாக்காம புகழ்ந்தேன். நடுவுல புள்ள என்ன பண்ணும்? ரெண்டு பேர்ல எவன் பெரிய புளுகன்? நான்தான். அதுலயும் அவரை முந்தவிட மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சலூனில் எல்லாரும் இருந்த நேரம் பார்த்துப் போனேன்.

"ஜட்ஜு கடைசி சீன் பாக்கல. பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டார். வண்டி எடுத்துக் கொடுத்தவன் நான்," என்றேன்.

தம்பியின் கத்தரி நின்றது. "அப்ப நீங்க?"

"நானும் பாக்கல."

"பதினோரு தடவைன்னீங்க?"

"பதினோரு தடவை முக்கால் நாடகம்."

"ஒருத்தர் மயங்கி விழுந்தாரே?"

"அவரும் இல்ல."

சிரித்தார்கள். முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவன், என்னை முன்னே பின்னே பார்த்திராதவன், அவனும் சிரித்தான். கண்ணாடிக்கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, இதை எழுதித் தந்தா கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார். அங்கேயே பேப்பருக்குக் கடிதம் எழுதினார். தேதி, டோக்கன் நம்பர், எல்லாம். போட்டேன். தம்பி போடவில்லை. "ஜட்ஜு அப்படிப்பட்டவர் இல்லண்ணே," என்றான், பெற்ற தகப்பனைச் சொல்லிவிட்ட மாதிரி.

மார்ச் 15, சனி

பாப்பாவின் நாடகத்துக்கு இன்று கடைசி ஆட்டம். ஜட்ஜு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் டோக்கன் வாங்கினார்.

வழக்கம்போல முன்னாடியே வெளியே வந்து நின்றேன். அவர் வரவில்லை. நாடகம் முடிந்தது, கூட்டம் வந்தது, போனது. எல்லா வண்டிகளும் போன பிறகு அவர் வந்தார். டோக்கனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டி எடுக்கட்டுங்களா?"

"கொஞ்சம் இருங்க."

அப்படி என்னதான் பார்த்தார் அங்கே? கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்கே கூச்சம்!

மார்ச் 16, ஞாயிறு

பேப்பரில் நான்கே வரி. முழுமையாகப் பார்க்காமல் எழுதியதற்கு வருந்துகிறாராம். துணை நடிகை விருது பாப்பாவுக்கே என்று கணிப்பை மாற்றிக்கொள்கிறாராம். சலூன் தம்பி அதைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டான். "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனுஷன்!"

இவனை என்ன செய்வது?

மார்ச் 23, ஞாயிறு

விருது அழுகை ராணிக்கே போயிற்று! ஜட்ஜு முதலில் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் பலித்திருக்கும். "இந்த வருஷம் எட்டுக்கு எட்டு வந்திருக்கும்! உங்களாலதாண்ணே கெட்டுது!" என்று தம்பி என் தலையில் தண்ணீரைப் பீய்ச்சினான். கண்ணாடிக்கடை அக்கா நடுவர்கள் மொத்தப் பேருக்கும் பவர் பார்க்க வேண்டும் என்கிறார். பேசிப் பேசி எனக்கு வலது காதுப் பக்கத்து முடியும் போயிற்று.

பாப்பா என் போனை எடுக்கவில்லை. பதினாறு நாள்.

மார்ச் 26, புதன்

வந்தாள். பெரிய வேஷம் அவளுக்கேதானாம். டைரக்டர் பேப்பரைப் பார்த்து மாறவில்லையாம், கடைசி ஆட்டத்தில் அரங்கம் அவளைப் பார்த்த விதத்தைக் கண்டு மாறினாராம். வாய் நிறைய ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஒத்திகை மாமா. முடிவைத்தான் முதல்ல எடுக்கறோம். ஆட்டம் இல்லாத நாள், வண்டியும் இருக்காது. வாங்க."

"வந்து?"

"பாருங்க. பாத்ததை மட்டும் சொல்லுங்க."

மார்ச் 29, சனி

போனேன். மேடையில் வாசலைப் பார்த்தபடி கிடந்த நாற்காலியைப் பாப்பா சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் திரும்பவில்லை. விளக்கை அணைத்தார்கள்.

அவளிடமும் இவ்வளவுதான் சொன்னேன்.