நான் எழுதிக் கொடுத்த பதில்

இன்று காலை சமையலறைக் குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது, அதோடு நின்றுவிட்டது. பாத்திரத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் கேட்டேன். "இப்ப வரும் சாரே" என்றார்கள். அந்த "இப்ப"வைக் கேட்டதும் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. நம் சுள்ளிக்கல்லில் தண்ணீர் எப்போது வரும் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

மட்டாஞ்சேரிச் சந்துகளில் வால்வு திறக்கும் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீ வருவாய். குடங்களோடு நிற்கும் பெண்கள், "சேட்டா, வெள்ளம் எப்போ வரும்?" என்று கேட்பார்கள். நம் ஊர்த் தமிழில் குடிதண்ணீரும் வெள்ளம்தான். நீ தரையைப் பார்த்தபடியே, "அஞ்சு நாப்பது. கடைசி வீட்டுக்கு அஞ்சு அம்பத்திரெண்டு" என்பாய்.

"முகத்தப் பாத்துச் சொன்னா வெள்ளம் வத்திப் போயிருமோ?" என்று ஒருத்தி கேலி செய்வாள்.

"வத்தாது" என்று பதில் சொல்லிவிட்டு நீ நடப்பாய்.

தலைக்கனம் பிடித்தவன் என்று உனக்குப் பெயர். அதை யாரோ உன் காதில் போட்டபோது, "தலக்கனம்னா என்ன செய்யணும்?" என்று நீ என்னிடம் வந்து கேட்டாய்.

பத்தாம் வகுப்புவரை ஒன்றாகப் படித்தோம். நான் கல்லூரிக்குப் போய், ஒரு கப்பல் ஏஜென்சியில் கடிதம் எழுதும் குமாஸ்தா ஆனேன். நீ நகரசபை வேலைக்குப் போனாய். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் படகுத்துறைச் சாயாக்கடையின் சுவரோரப் பெஞ்சில் சந்திப்போம். நீ குழாய்களைப் பற்றிப் பேசுவாய், நான் கேட்பேன். கூட்டம் வந்து சத்தம் கூடினால், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விடுவாய். எனக்கு அது பழகியிருந்தது. அலுவலகத்துக்கு வெளியே வாரம் முழுக்க நான் பேசிய ஒரே ஆள் நீதான் என்பதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கோமதியைப் பற்றி நீ முதலில் சொன்னது தொண்ணூறுகளின் நடுவில். நமக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவளுக்கு நாற்பது இருக்கும். கொச்சங்காடியில் அவளும் அவள் அம்மாவும் தோசை மாவு அரைத்து ஹோட்டல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ விடுப்பில் இருந்த ஒருநாள் உன் இடத்தில் வந்தவன் "இப்ப வரும், இப்ப வரும்" என்று சொல்லியே, ஊறப்போட்ட அரிசியைப் புளிக்கவைத்துவிட்டானாம். மறுநாள் அவள் உன்னைச் சந்து முனையில் பிடித்துக்கொண்டாள். நடந்ததை நீ ஒரு சொல் விடாமல் எனக்கு ஒப்பித்தாய்.

"நீங்க ஒருத்தர்தான் வராதுன்னா வராதுன்னு சொல்றீங்க."

"வராதுன்னா வராது."

அவள் சிரித்தாள். "எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாய்.

"சந்தோஷத்துல."

"சரி."

இதைச் சொல்லிவிட்டு நீ என்னிடம், "எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கேட்டிருக்கேன். யாரும் சொன்னதில்ல. இவ சொன்னா" என்றாய். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் குழாய்களோடு கோமதியும் வந்தாள். ஒருநாள் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டே, "கோமதிகிட்டப் பேசினா எனக்குக் களைப்பு வரல" என்றாய். மனிதர்களோடு பேசிவிட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடப்பவன் நீ. அந்தச் சொல்லின் எடை எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் நீ பயந்தாய். உன் முப்பதாவது வயதில் தோப்பும்படியில் உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, அந்தப் பயம். பெண்ணின் அப்பா "வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, மேல்தொட்டி ஒழுகுகிறது, சுவர் இன்னும் நாலு வருடம் தாங்கும் என்று நீ பதில் சொன்னாய். திரும்பும் வழி முழுக்க, "ஒழுகுறத ஒழுகுதுன்னு சொன்னது தப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். இந்த முறை, "தப்பாகக் கூடாது. எப்படிப் பேசணும்னு எழுதித் தா" என்றாய்.

ஒரு பெண்ணிடம் தானாகப் போய்ப் பேசத் துணியாத நான் இன்னொருவனுக்குப் பாடம் எழுதினேன். அலுவலகத் தாளில், எண் போட்டு, ஒன்பது விதிகள். சாப்பிட்டாளா என்று கேள். குழாயைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதே. அவ்வப்போது முகத்தைப் பார். நான்காவது விதி இது: முக்கியமான விஷயம் எதுவானாலும் உடனே ஆம், இல்லை என்று சொல்லாதே, "பாக்கலாம்" என்று சொல். அதுதான் என் தொழில். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத கடிதங்களை நான் முப்பது வருடம் எழுதினேன். அதை மரியாதை என்று நம்பினேன்.

பெஞ்சில் பயிற்சி நடந்தது. நான் கோமதி.

"சாப்பிட்டீங்களா?" என்றாய் நீ.

"சாப்பிட்டேன்."

நீ தாளைப் பார்த்தாய். "இதுக்கு மேல எழுதலயே."

சாயாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்தா, ரெண்டு பேரும் கல்யாணம் பேசி ஒறப்பிக்கிறீங்களா?" பக்கத்துப் பெஞ்ச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய்.

மூன்று வாரம் கழித்து, வழக்கத்துக்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். "சரியாச் சொல்லிட்டேன்" என்றாய். கோமதி உன்னிடம், "அம்மா ஒங்களப் பாக்கணும்னு சொல்றா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நீ, "பாக்கலாம்" என்றிருக்கிறாய். "பாக்கலாம்னா?" என்று அவள் கேட்டாள். அதற்கு என் தாளில் பதில் இல்லை. அதனால் இன்னொரு தடவை "பாக்கலாம்" என்றாய். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தமிழில் பாக்கலாம், மலையாளத்தில் நோக்காம். கல்யாணப் பேச்சில் இரண்டுக்கும் வேண்டாம் என்றுதான் பொருள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சொல்லியிருந்தாலாவது அவள் சந்தேகப்பட்டிருப்பாள். வராதென்றால் வராது என்று சொல்லும் ஆள் சொன்னதால் அப்படியே நம்பிவிட்டாள்.

அந்தப் பெஞ்சிலிருந்து அவள் வீடு பத்து நிமிட நடை. அது நான் எழுதிக் கொடுத்த வார்த்தை, அவனுடையது இல்லை என்று போய்ச் சொல்லியிருந்தால் போதும். அறிமுகமில்லாத ஒரு வீட்டின் கதவைத் தட்டி, ஒரு பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். நாலு தடவை எழுதினேன், நாலையும் கிழித்தேன். உன்னிடம், "கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். கொஞ்ச நாள் போனது. தண்ணீர் நேரம் கேட்க அவள் அம்மா வரத் தொடங்கினாள். பிறகு ஆலுவாவில் மெஸ் நடத்தும் ஒருவருக்குக் கோமதி இரண்டாம் தாரமானாள். அம்மாவும் கூடப் போய்விட்டாள்.

நீ அந்தத் தாளை என் முன்னால் விரித்து, "எந்த நம்பர்ல தப்பு?" என்று கேட்டாய். நான்காவது என்று எனக்குத் தெரியும். "நம்பர்ல ஒண்ணுமில்ல. சில சமயம் அப்படித்தான்" என்றேன். "அப்ப நான் சொன்ன விதத்துல தப்பு" என்று நீயே முடிவு செய்துகொண்டாய். நான் மறுக்கவில்லை.

பல வருடம் கழித்து, நாம் இருவரும் ஓய்வு பெற்றபின், ஒரு மலையாள வாரப் பதிப்பில் ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அது குழந்தைகளோடு முடிவதில்லை. அப்படிப் பிறந்தவர்கள் வளர்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், நட்பையும் துணையையும் மற்றவர்களைப் போலவே விரும்புகிறார்கள். சுற்றியிருப்பவர்களின் பூடகப் பேச்சில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று எழுதியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு முழுதும் படித்துக் காட்டினேன். "இது நான்தான்" என்றாய், அமைதியாக. கொஞ்சம் கழித்து, "இதுல பாதி நீ" என்றாய். அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றாவது நான்காவது விதியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சாயா ஆறுகிறது என்றேன்.

நீ போன மறுமாதம் ஆலுவாவுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த மெஸ். கோமதி தலை நரைத்து, மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்ததால் வேறு யாரும் இல்லை. நீ இறந்துபோனதைப் பற்றி, தாளைப் பற்றி, நான்காவது விதியைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"சொல்லியிருக்கணும்."

"அவரு வேண்டாம்னுட்டாருன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் அழுதேன். முடிஞ்சுபோச்சு. முடிஞ்சத எதுக்கு இப்ப வந்து தொறக்குறீங்க?"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நாங்க வீட்டப் பூட்டிட்டு வந்தப்பறம் அந்தச் சந்துக்கு வருவாரா?"

"வருவான். பூட்டுன கதவுக்கு முன்னாடி நின்னு நேரத்தச் சொல்லிட்டுப் போவான். வேற ஆள் குடிவர்ற வரைக்கும்."

அவள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"யார் தப்புன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்ததா?" என்றாள், திரும்பாமலே.

"தெரியாது. தன் தப்புன்னுதான் நெனச்சிருந்தான்."

"அப்ப மொதல்ல சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லையே."

அவள் சொன்னதைச் செய்ய எனக்கு மேலும் இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. நீ சொன்ன விதத்தில் ஒரு தப்பும் இல்லை. நான் எழுதியதை எழுதியபடியே சொன்னாய். அவளுக்கு வேண்டியிருந்தது நீதான். யாரும் எழுதிக் கொடுக்காமல் பேசுகிற நீ. இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சொல்லாமல்தான், அதன்பின் பன்னிரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், நாலு மணிக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.