வலி சொல்லாத கால்

என் சிரிப்புக்கார அப்பாவுக்கு,

அங்கே உங்களுக்குப் பூனை உண்டா? இங்கே உங்கள் கட்பீஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சோற்றுக்கும் மத்தி மீன் தலைக்கும் குறைவில்லை. சரியில்லாதது அம்மாவின் கால். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், வழக்கம்போல் சிரித்துவிடாதீர்கள்.

காதர்பேட்டைக் கடையில் பனியன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நீங்கள், வேஸ்ட் துணிக்குள் கிடந்த பூனைக்குட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கட்பீஸ் என்று பெயரும் வைத்தீர்கள். அதோடு விட்டீர்களா? மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்து, போர்வைக்குள் கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவீர்கள். அது பாய்ந்து கவ்வும். உங்களுடையது காய்ப்பேறிய கால், பல் இறங்காது. "புலி பாரு கண்ணு, புலி" என்று ஊரையே கூட்டுவீர்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பழக்கிவிட்டவர் சுடுகாட்டுக்குப் போய்விட்டார், பழக்கம் மட்டும் இந்த வீட்டில் நடமாடுகிறது. நடந்தால் கணுக்காலைப் பிடிக்கும், சோறு பிசைந்தால் விரலைப் பிடிக்கும். ஒரு நாள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வெள்ளை டீசர்ட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்கீறலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அதன்மேல் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அப்போது உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்து டேபிள் செல்வராணி அக்கா விருதுநகர்ப் பக்கம், பூனைகளோடு வளர்ந்தவர். அவர்தான் வழி சொன்னார். "அடிக்காத தாயி, அடிச்சா பயத்துல இன்னும் கடிக்கும். கைய வெடுக்குன்னு இழுக்கவும் செய்யாத, வெளாட்டுன்னு நெனைக்கும். 'ஆ'ன்னு ஒரு சத்தம் குடு, அசையாம இரு, பொறவு எந்திச்சுப் போயிரு. வெளாட்டுக் காட்டணும்னா குச்சியில துணியக் கட்டி ஆட்டு."

அப்படியே செய்தேன். குச்சி நுனியில் பனியன் துணித் துண்டைக் கட்டி, சோறு வைக்கும் முன்னால் அது களைக்கும்வரை ஆட்டுவேன். கடித்தால் "ஆ" என்றுவிட்டுக் கல்லாக நிற்பேன். மூன்றே வாரம். என் கையைக் கண்டால் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பூப்போலத் தொட ஆரம்பித்தது. நானும் பெரிய கெட்டிக்காரி என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் என் கைக்கீறல் ஆறிய பிறகும் தரையில் ரத்தப் பொட்டுகள் நிற்கவில்லை அப்பா. சமையலறையிலிருந்து கட்டில்வரை, குங்குமம் சிந்தியது போல. பூனைக்குத்தான் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து அதன் நான்கு பாதங்களையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகுதான் அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே வரிசையாகப் பல் பதிந்த புண்.

"ஏனுங்கம்மா, இத்தனை கடிச்சிருக்குது, தெரியலீங்களா?"

"போச்சாது உடு கண்ணு" என்று அலட்சியமாகக் காலை இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சர்க்கரை இருப்பது நமக்குத் தெரியும். கால் எவ்வளவு மரத்துப்போயிருக்கிறது என்பது உங்களுக்காவது தெரியுமா? செல்வராணி அக்காவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார். "நீ கத்துற, உன் கைய விட்டுருச்சு. உங்கம்மா கத்த மாட்டாங்கல்ல? எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அதுக்கு யாரு சொல்லுவா?" அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் கம்பெனியில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீட்டில் அது இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடிக்கப் பழகுகிறது என்பதே நினைப்பாக இருந்தது.

அம்மாவுக்குத் தடித்த சாக்ஸ் மாட்டிவிட்டேன். மாலையில் வந்தால் சாக்ஸ் கட்டிலுக்கடியில் கிடக்கும். சேவூர் அத்தை தோட்டத்தில் பூனையை விட்டுவிடலாம் என்றேன். "உங்கப்பா வளத்ததாச்சே கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீம்பு என்று நினைத்துத் திட்டினேன்.

போன வாரம் ஒரு நாள், செக்கிங்குக்குத் துணி வராததால் மதியமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா கட்டிலில் உங்கள் போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. கட்பீஸ் அதைக் கவ்வித் தலையை உலுக்கிக்கொண்டிருந்தது. போர்வையில் சிவப்பு ஊறிக்கொண்டே வந்தது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நான் போட்ட சத்தத்தில் பூனை பரண்மேல் ஏறிவிட்டது. அம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "ஏதாச்சும் தெரியுதான்னு தெனமும் பாக்கறேன் கண்ணு. போன மாசம் வரைக்கும் கட்டைவெரலு மட்டும் சுருக்குன்னுச்சு. இப்ப அதும் இல்ல. சொன்னா நீ பயந்துக்குவீன்னு சொல்லல."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் பிடித்திருப்பதும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, காலில் தொடும்போது சொல்லச் சொன்னார். "தெரியுதுங்க" என்றாள். டாக்டரின் கை அதுவரை காலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. "இப்பவும் தெரியுதுங்க" என்றாள். சுண்டுவிரல் புண்ணின் ஓரம் கறுத்திருக்கிறது. கட்டுப் போட்டு, திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொன்னார். விரல் பிழைக்குமா என்று கேட்டேன். திங்கட்கிழமை பார்ப்போம் என்றார்.

லீவு போட்டு வீட்டிலேயே இருக்கிறேன். கட்பீஸ் அவள் கால் பக்கம் வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் "ஆ" என்கிறேன், காலை அசையாமல் பிடித்துக்கொள்கிறேன். அது குழம்பிப்போய் என் முகத்தைப் பார்க்கிறது. நேற்று மாலை அவளுடைய கட்டுப் போடாத காலின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கடிக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"நெசமாவா?"

காலையும் மாலையும் அவள் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்ப்பேன். அந்தக் கால் சொல்லாததை நான் சொல்வேன், பூனைக்கும் டாக்டருக்கும். இது சத்தியம். நீங்களும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும் அப்பா. நீங்கள் இல்லாமல் தனியாக இருக்கிறாளே என்று அவளை இப்போது அங்கே கூப்பிட்டுவிடாதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள்.

உங்கள்மேல் இன்னும் கோபம் தீராத மகள்,
மல்லிகா