நல்லாத்தானே இருக்கா

மார்ச் 4, செவ்வாய்
விடியற்காலையிலிருந்தே மழை. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு இன்று ஏழு பேர்தான் வந்தார்கள். பால்மா முடியப்போகிறது, சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கவிதா மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. பதுளையில் துணிக்கடை. இருபத்திரண்டு வயது. மேல் லயத்து வீடொன்றில் இருக்கும் ரமேஷ் அவளைப் பலவந்தம் செய்துவிட்டான். தண்ணி பிடிக்கப் போன பீலியில் இதே பேச்சு. "ரெண்டு வருஷமா அவனோட சுத்துனவதானே, இப்ப என்ன புதுசா?" வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்
தோட்டத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ரமேஷுக்கே கவிதாவைக் கட்டிவைத்துவிடலாமாம். பொலிசுக்குப் போனால் தோட்டத்து மானம் போகுமாம். வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம். நான் வந்து பேச வேண்டுமாம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தானே முடிந்தது என்கிறார். அந்தக் காலத்தில் தேயிலை மலையில் இவர் என்னை இழுத்துக்கொண்டு போனார், மறுவாரம் தாலி.

"நீ நல்லாத்தானே இருக்க. அதச் சொன்னா போதும்மா," என்றார் தலைவர்.

இவர் வெற்றிலை மடித்தபடி தலையாட்டினார். வெட்கங்கெட்ட மனுஷன்.

வாங்க வேண்டியது: சீனி, சவர்க்காரம், இவருக்குப் பனடோல் மாத்திரை.

மார்ச் 6, வியாழன்
கவிதாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். தொடவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை, அவனை விரும்பினாயா என்று கேட்டுவிட்டேன்.

"விரும்புனேன் அக்கா. அன்னைக்கு வேணாம்னு சொன்னேன். ரெண்டும் உண்மைதான்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நான் இவரை விரும்பவும் இல்லை. அதைக்கூட யாரிடமும் சொன்னதில்லை. இவருக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி
கூட்டம் முடிந்தது. கோயில் வாசல் நிறைய ஆள். இவர் முன்னால். தலைவர் என்னை எழுப்பி, சொல்லும்மா என்றார்.

"அன்னைக்கு என்னை யாரும் கேக்கலைங்க. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இவ வேணாம்னு சொல்றா. கேளுங்க."

யாரோ சிரித்தார்கள். ரமேஷின் அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். கவிதாவின் அம்மா எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். கல்யாணப் பேச்சு அதோடு சரி.

மார்ச் 8, சனி
மழை விட்டிருக்கிறது. கவிதா, அவள் அம்மா, நான். காலை பஸ்ஸில் பதுளை பொலிசுக்கு. செருப்பு வார் அறுந்துவிட்டது, ஊசி குத்த வேண்டும்.

இவர் கதவடியில் நிற்கிறார். "இத்தனை வருஷமும் புடிக்காமதான் இருந்தியா?"

இன்றைக்குத்தான் கேட்கிறார். பஸ் வரும் நேரம்.