ஓடு என்று கத்தினால் ஓடு

என் கூடப்பிறந்த ராஜாராமா,

நீ வேலைக்குப் போன அதே ஜெர்மனி இரும்பாலைக்கு என் பேரன் செல்வம் போகிறான். அடுத்த மாதம் விழுப்புரத்தில் ரயில் ஏறுகிறான். நம் வீட்டுப் பிள்ளை மூன்று பாஷை பேசுகிறான் என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனாலும் உன்னை அனுப்பியபோது செய்தது போலவே ராத்திரியில் எழுந்து அவன் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேனடா.

அங்கே உன்னோடு வேலை பார்த்த காசிம் பாய் ஊர் திரும்பியிருக்கிறார். நேற்று வந்து செல்வத்திடம் ஒரு தடித்த அகராதியைக் கொடுத்தார். ஜெர்மன்காரர்கள் தெருவிலும் பட்டறையிலும் பேசுகிற கொச்சை வார்த்தைகளுக்கு இங்கிலீஷில் பொருள் போட்டது.

“வகுப்புல ‘தயவுசெய்து விலகுங்கள்’னு சொல்லித் தருவாங்கக்கா. தலைக்கு மேல இரும்பைத் தூக்குற சங்கிலி அறுந்தா எவன் அப்படிப் பேசுவான்? ‘ஹௌ அப்’னு கத்துவான். ஓடிப்போடான்னு அர்த்தம். உங்க தம்பிக்கு அது தெரியல. மேஸ்திரி திட்டுறார்னு நெனச்சிக்கினு கையக் கட்டிக்கினு நின்னுட்டான்.”

அந்த இரும்பு உன் மேல் விழுந்து உயிர் போனதைச் சொல்லும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர்கள் அதட்டினால் தலை குனிந்து நிற்பதுதானே நம் வீட்டு வழக்கம்? மேலே ஒருமுறையாவது பார்த்தாயா, தம்பி?

செல்வம் அந்த அகராதியும் கையுமாகத்தான் இருக்கிறான். தனக்குத்தானே சிரிக்கிறான்.

“என்னடா இளிச்சிக்கினு கீறே? எனக்கும் சொல்லு.”

“உன் எதிர்ல சொல்லக்கூடாது பாட்டி, நட்சத்திரம் போட்டுக்கீது!”

நட்சத்திரம் போட்ட கெட்ட வார்த்தை காதுக்கு மட்டுமாம், வாய்க்கு இல்லையாம். நான் அஞ்சாவதோடு நின்றவள்தான், ஆனாலும் அது புரிகிறது. ‘ஹௌ அப்’ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம். தைரியமாகத்தான் இருந்தேன், இன்று காலை வரைக்கும்.

மல்லாட்டை மண்டிக்கு அவனைக் கூட்டிப்போனேன். கடலை மூட்டை அடுக்கு சாய்ந்தது. மேலே நின்ற ஆள், “டேய், ஓடுடா!” என்று கத்தினான். நம் தமிழில்தான் கத்தினான். செல்வம் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தான். சட்டையைப் பிடித்து நான் இழுத்த பிறகுதான் அவன் நின்ற இடத்தில் மூட்டை விழுந்தது.

வார்த்தை தெரிந்தவனும் நிற்கிறானே, நான் என்ன செய்ய?

இனி அவன் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பின்னால் நின்று ‘ஹௌ அப்’ என்று கத்துவேன். என் மேல் இருக்கிற மரியாதை போகட்டும். யாரென்று திரும்பிப் பார்க்காமல் அவன் ஓடுகிறவரை ரயில் ஏற்ற மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா அலமேலு