காற்றில்லாத காலைகளில் வரும் பிழை

ஜூலை 3, வியாழன்

புழுக்கம். இலை அசையவில்லை. பாப்பாவுக்கு இரண்டாவது பல், ராத்திரி முழுக்க அழுகை. ஐந்து மணி ஷிஃப்ட், வீட்டிலிருந்தே டவர்களின் அலாரம் பார்க்கும் வேலை. 5.40க்கு குடவாசல் டவருக்கும் எங்கள் ஊர் டவருக்கும் நடுவிலுள்ள ரேடியோ லிங்க்கில் பிழை ஏற ஆரம்பித்தது. உடனே ஃபீல்டு இன்ஜினியர் குமரனுக்குப் போன். எடுக்கவில்லை. 6.10க்குத் திரையில் சிவப்பு, லிங்க் அறுந்தது. 7.30க்குத் தானாகவே சரி.

மதியம் மீட்டிங். குமரன் மேனேஜரிடம்: "மேடம் குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருந்திருப்பாங்க சார். அலாரத்த லேட்டாத்தான் பாத்திருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாதக் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. ஃபைலில் இப்போது 'கவனக்குறைவு'.

ஜூலை 5, சனி

நேற்று நல்ல காற்று, பிழை பூஜ்யம். குமரன் ரேடியோவை மாற்றினான், அதனால்தான் என்றான். இன்று காற்றில்லை. 5.35க்கு மறுபடி.

வாங்க: டயப்பர், ஜுர மருந்து, ரவை.

துணி காயப்போட மாடிக்குப் போனேன். நடவுக்காக மாமனார் இரண்டு டவருக்கும் நடுவிலுள்ள கிழக்கு வயல் முழுக்கத் தண்ணீர் கட்டியிருக்கிறார். அசையாத தண்ணீரில் டவர் தலைகீழாக. ஈரத்துணியோடு அப்படியே நின்றேன்.

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷப் பாடம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பும். அது தாமதமாக வந்து, நேராக வரும் அலையை அழிக்கும். காற்றடித்துத் தண்ணீர் கலைந்தால் சரியாகிவிடும். போன மாதம் வயல் காய்ந்து கிடந்தது, ஒரு பிழை இல்லை.

குமரனிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

குமரன் கேபிளையும் மாற்றிவிட்டான். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், "இனிமே வராது சார், நான் கேரண்டி." நாளைக் காலை ஆறு மணிக்கு மேனேஜரை டவருக்கே கூட்டி வருகிறானாம்.

நாளை காற்றில்லை. வானிலையை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

பாப்பாவுக்கு ஜுரம் நூறு. மருந்து கொடுத்தேன். விடிகாலையில் ஏறினால் டாக்டருக்குப் போன் போட வீட்டில் ஃபைபர் இருக்கிறது. அந்த டவரை மட்டும் நம்பியிருக்கிற நாலு ஊருக்கு? எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடு குறைந்திருக்கிறது.

அப்படியும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

ஜுரம் இல்லை. காற்றும் இல்லை.

5.50 பிழை. அந்த நிமிஷமே நேரம் போட்டு குரூப்பில் எழுதினேன். 6.05 சிவப்பு. டவரடியில் குமரனும் மேனேஜரும், சிக்னல் இல்லாமல். மெசேஜ் போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக். காபி போட்டுக் குடித்தேன். ருசியாக இருந்தது.

7.20க்குக் காற்று. எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கூடவே மேனேஜருக்கு மட்டும் என் ஒரு வாரக் குறிப்பு: நேரம், காற்று, வயல் தண்ணீர், டிஷ்ஷை எவ்வளவு இறக்கிக் கட்டினால் போதும் என்பது. கடைசி வரியில் 'கவனக்குறைவு' பற்றி. எடுத்துவிடுகிறேன் என்று பதில்.

7.45. குமரன் போன். மூன்றாவது தடவைதான் எடுத்தேன்.

"மேடம், சார் சொன்னாரு. நாளைக்கும் வருமா? எத்தனை மணிக்குன்னு சொன்னீங்கன்னா..."

"பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு இருக்கேன் சார். முடிச்சுட்டுப் பாத்துச் சொல்றேன்."

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.